12 வயது நீலக் கார்: பெயின்ட்டை வீட்டிலேயே மீட்க முடியுமா?

நீலக்கார் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அப்பா வாங்கி ஓட்டிய கார் இப்போது என் கையில் இருக்கிறது. அடர்நீலம், 12 வயது. எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. பெயின்ட்தான் மனதைக் கஷ்டப்படுத்துகிறது. நிழலில் நின்றால் ஒன்றும் தெரியாது. வெயிலில் நிறுத்தினால் பானெட் முழுக்கச் சிலந்திவலை போல வட்டவட்டமாகக் கீறல்கள். டிக்கி மேல் பறவை எச்சம் விழுந்த இடம் தடமாகவே நின்றுவிட்டது. இடது பின்கதவில் யாரோ சாவியால் இழுத்த மாதிரி ஒரு சாண் நீளத்துக்குக் கோடு. டாப்பில் உள்ளங்கை அளவுக்கு வெள்ளையாகப் பூத்து, ஓரம் தோல் உரிவதுபோல் பெயர்கிறது.

2 வருடத்துக்கு முன் ஒரு கடையில் கொடுத்து பாலிஷ் போட்டேன். வாங்கி வந்த அன்று கண்ணாடி மாதிரி இருந்தது. ஐந்தாறு தடவை கழுவியதும் பழைய கீறல் அத்தனையும் திரும்பி வந்தது. முன்பு இல்லாத புகை மாதிரியான வரிகளும் சேர்ந்துகொண்டன. நான் நகர்ந்தால் அவையும் நகர்கின்றன.

இந்தத் தடவை நானே செய்ய ஆசைப்படுகிறேன். வீட்டில் ட்ரில் மெஷின் இருக்கிறது, அதில் மாட்டும் பஃபிங் பேட் கிடைக்கிறதாம். கீறலைத் தேய்த்தெடுக்கும் காம்பவுண்ட் பசை ஒரு டப்பா வாங்கி ஆரம்பித்துவிடலாமா?

பட்டறைக்கை எழுதியது:

ஆரம்பிக்கலாம் தம்பி, ஆனால் காம்பவுண்ட் டப்பாவைத் திறக்க இன்னும் நிறைய வேலை இருக்கிறது. பெயின்ட் பட்டறையில் பல வருடம் நின்றவன் நான். எதைத் தேய்க்கப் போகிறீர்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இரும்புத் தகட்டின் மேல் துருவைத் தடுக்க ஒரு பூச்சு. அதன் மேல் பிரைமர். அதற்கு மேல் நீலத்தைத் தரும் பேஸ் கோட். எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். கம்பெனியிலிருந்து வரும்போது எல்லாம் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான் இருக்கும். ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர். அதில் கிளியர் கோட் மட்டும் சுமார் 35 முதல் 50 மைக்ரான். நம் தலைமுடி ஒன்றே ஏறக்குறைய 70 மைக்ரான் இருக்கும். உங்கள் காரின் பளபளப்பு முழுக்க ஒரு முடியைவிட மெல்லிய படலத்தில் நிற்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும் சரக்கும் அந்தப் படலத்தில்தான் கலந்திருக்கிறது.

பாலிஷ் கீறலை நிரப்புகிறது என்று பலர் நினைக்கிறார்கள். நிரப்புவதில்லை. கீறலின் அடி எங்கே இருக்கிறதோ அந்த மட்டம் வரை சுற்றியுள்ள கிளியர் கோட்டைச் சீவி எடுக்கிறது. 3 மைக்ரான் ஆழக் கீறல் முழுதும் போக வேண்டுமென்றால் அந்த இடமெல்லாம் 3 மைக்ரான் போக வேண்டும். போனது திரும்பாது. உங்களுக்கு முன்னால் அந்தக் கடையிலும் கொஞ்சம் எடுத்திருப்பார்கள். எனவே வங்கியில் மிச்சமிருக்கும் பணத்தை எடுப்பது போல யோசித்து எடுங்கள்.

உங்கள் நான்கு குறைகளும் நான்கு விதம். பானெட்டில் இருப்பது மேலோட்டமான கீறல், நன்றாகப் போகும். எச்சத் தடம் எவ்வளவு ஆழம் அரித்திருக்கிறது என்பதைப் பொறுத்துக் குறையும், முழுக்கப் போகும் என்று சொல்ல மாட்டேன். சாவிக் கோட்டின் குறுக்கே நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டினால் பாலிஷ் வேலைக்கு ஆகாது. டாப்பில் நடந்திருப்பது கிளியர் கோட்டின் சாவு. அதைத் தேய்க்கத் தேய்க்க ஓரம் இன்னும் பெயரும். அங்கே கையை வைக்காதீர்கள், மறுபடி பெயின்ட் அடிப்பதுதான் வழி.

ட்ரில் வேண்டவே வேண்டாம். அது ஒரே அச்சில் சுற்றும், பேட் ஒரு பக்கம் சாய்ந்தாலும் அந்த ஓரம் முழு வேகத்தில் ஒரே இடத்தைத் தேய்க்கும். சூடு ஏறிக் கிளியர் கோட் வெந்துவிடும்.

ஞாயிறுகைவேலை எழுதியது:

நகச் சோதனையோடு இன்னொன்றும் செய்யுங்கள். கீறல் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ஈரமாக இருக்கும்வரை கீறல் மறைந்தால் அது கிளியர் கோட்டுக்குள்ளேயே நிற்கிறது, பாலிஷுக்கு வாய்ப்பு உண்டு. ஈரத்திலும் வெள்ளையாகவோ சாம்பலாகவோ தெரிந்தால் பேஸ் கோட்டைத் தாண்டிப் பிரைமர் வரை போய்விட்டது.

இன்னொரு விஷயம், வட்டவட்டமாகத் தெரிகிறது என்றீர்கள். உண்மையில் அந்தக் கீறல்கள் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. சூரியனின் பிம்பத்தைச் சுற்றிக் குறுக்காக அமைந்தவை மட்டும் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புவதால் வட்டமாகத் தெரிகின்றன. விளக்கை நகர்த்தினால் வட்டமும் கூடவே நகரும். அதனால் டியூப் லைட் வெளிச்சத்தில் வேலையைச் சரிபார்க்காதீர்கள், அதில் எந்தப் பெயின்ட்டும் அழகாகத்தான் தெரியும். ஒற்றைப் புள்ளியாக ஒளி விடும் எல்இடி டார்ச் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடிமாதிரி எழுதியது:

> ஐந்தாறு தடவை கழுவியதும் பழைய கீறல் அத்தனையும் திரும்பி வந்தது

அவை போகவே இல்லை, நண்பரே. நிரப்பும் எண்ணெயும் மெழுகும் அதிகமுள்ள கிளேஸை மேலே தடவியிருப்பார்கள். கீறலுக்குள் அது உட்கார்ந்து கண்ணை மறைக்கும், ஷாம்பு பட்டுப்பட்டு வெளியே வந்துவிடும். நகரும் புகை வரிகளுக்குப் பெயர் ஹோலோகிராம். ஒரே அச்சில் சுற்றும் ரோட்டரி மெஷினில் கம்பளிப் பேட் போட்டுக் கனமான காம்பவுண்டால் வெட்டிவிட்டு, மெல்லிய பாலிஷால் முடிக்கும் இரண்டாவது கட்டத்தைச் செய்யாமல் விட்டால் வரும். அடர்நிற கார்களில் இது அப்படியே தெரியும். நல்ல செய்தி என்னவென்றால் ஹோலோகிராம் மிக மேலோட்டமானது, சீக்கிரம் போய்விடும்.

நீலக்கார் எழுதியது:

இவ்வளவு விளக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. மிக்க நன்றி. நகம் சாவிக் கோட்டில் நன்றாகவே மாட்டுகிறது, ஈரத்திலும் சாம்பல் தெரிகிறது. பானெட் கீறல்கள் ஈரத்தில் மொத்தமாக மறைகின்றன.

வேகவேலை எழுதியது:

2000 நம்பர் வாட்டர் பேப்பர் போட்டு முழு வண்டியையும் ஒரே நாளில் மட்டமாக்குங்கள், அப்புறம் காம்பவுண்ட் அடியுங்கள். ஆரஞ்சுத் தோல் மாதிரியான மேடுபள்ளமும் சேர்ந்து போகும். நான் என் வண்டிக்கு அப்படித்தான் செய்தேன், கண்ணாடி போல இருக்கிறது. சும்மா மெல்லிய பாலிஷில் நாள் கணக்கில் தடவிக்கொண்டிருப்பது வீண்.

பட்டறைக்கை எழுதியது:

நண்பரே, உங்கள் வண்டி நன்றாக வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் முதல்முறை செய்கிறவருக்கு, அதுவும் ஏற்கனவே ஒருமுறை வெட்டப்பட்ட 12 வருடக் கிளியர் கோட்டுக்கு, இந்த யோசனையை நான் கடுமையாக எதிர்க்கிறேன். வாட்டர் பேப்பர் ஒரு தடவை ஓடினாலே சில மைக்ரான் போகும். பிறகு அந்தப் பேப்பர் போட்ட கோடுகளை எடுக்கக் காம்பவுண்ட் இன்னும் கொஞ்சம் எடுக்கும். பட்டறையில் நாங்கள் வாட்டர் பேப்பர் போடுவது நாங்களே கிளியர் கோட்டைக் கூடுதலாக அடித்த பேனலில். எவ்வளவு அடித்தோம் என்பது எங்களுக்குத் தெரியும். கம்பெனிப் பூச்சில் அந்தத் தாராளம் கிடையாது.

தேய்த்து முடித்த அன்று பிரமாதமாகத்தான் இருக்கும். மேல் படலம் மெலிந்ததன் பலன் ஒரு வருடமோ இரண்டு வருடமோ வெயில் பட்ட பிறகுதான் தெரியும். நீலக்காரின் டாப்பில் இன்று இருப்பது அதே வியாதிதான். ஆரஞ்சுத் தோலை விட்டுவிடுங்கள், அது கம்பெனியிலிருந்தே வருவது.

வேகவேலை எழுதியது:

சரி, என் வண்டியில் மறுபடி பெயின்ட் அடித்த பேனல்கள்தான் அதிகம், அதனால் தாங்கியிருக்கலாம். பழைய கம்பெனிப் பூச்சுக்கு நீங்கள் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். ஒற்றைக் கீறலுக்கு மட்டுமாவது 3000 நம்பர் போடலாம் இல்லையா?

பட்டறைக்கை எழுதியது:

போடலாம். சின்ன இடம், பேப்பரைச் சின்ன ரப்பர் கட்டையில் சுற்றி, சோப்புத் தண்ணீரோடு, பத்துப் பன்னிரண்டு இழுப்புக்கு ஒருமுறை துடைத்துப் பார்த்து. கை பழகியவர் செய்யட்டும்.

சிவப்புப்பெட்டி எழுதியது:

இழையில் நடுவே நுழைவதற்கு மன்னியுங்கள். என்னிடம் 1980களின் தொடக்கத்தில் வந்த பழைய கார் ஒன்று இருக்கிறது, சிவப்பு. இப்போது அது ரோஜா நிறத்தில் சுண்ணாம்பு பூசியது போல இருக்கிறது. நேற்றுப் பாலிஷ் தொட்டு ஒரு மூலையில் தேய்த்தேன், வெள்ளைத் துணி முழுக்கச் சிவப்பாகிவிட்டது. பயந்து நிறுத்திவிட்டேன். பெயின்ட்டே கழன்று வருகிறதா?

பட்டறைக்கை எழுதியது:

நிறுத்தியது நல்லது, ஆனால் பயப்பட வேண்டாம். உங்களுடையது கிளியர் கோட் இல்லாத ஒற்றை அடுக்குப் பெயின்ட். 1980களில்தான் கிளியர் கோட் பரவலானது, அதற்கு முந்தைய வண்டிகளில் பெரும்பாலும் நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில்தான் இருக்கும். எனவே துணியில் நிறம் வருவது இயல்பு. கிளியர் கோட் இருக்கிற காரில் நிறம் வந்தால்தான் ஆபத்து, பேஸ் கோட்டைத் தொட்டுவிட்டோம் என்று அர்த்தம்.

வெளிறிய மேல்தோல்தான் அந்தச் சுண்ணாம்பு. வெயிலும் காற்றும் பட்டுப் பெயின்ட்டின் எண்ணெய்ப்பசை வற்றிப் பொடியாகிவிட்டது. கீழே நல்ல சிவப்பு இருக்கிறது. இதற்கு மெஷினை உடனே எடுக்காதீர்கள். வண்டியைக் கழுவிக் காயவிட்டு, சிராய்ப்பு இல்லாத, எண்ணெய்ச் சத்து நிறைந்த கிளேஸைத் தாராளமாகத் தடவி, கையால் தேய்த்து ஊட்டுங்கள். ஒரு இரவு முழுக்க அப்படியே ஊறட்டும். காலையில் துடைத்துவிட்டு மறுபடி ஒருமுறை. வறண்ட பெயின்ட் அதைக் குடித்து நிறம் ஆழமாவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அதற்குப் பிறகு மெல்லிய பாலிஷை மென்மையான ஃபோம் பேடில் கையாலேயே போட்டால் போதும். முடித்ததும் மெழுகு போட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் சில மாதத்தில் திரும்பவும் வெளிறும்.

பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. உலர்ந்த நிலையில் எமரி பேப்பர் போட்டுத் தூசி கிளப்பாதீர்கள். துடைத்த துணிகளைத் தனியாக வையுங்கள், குழந்தைகள் கைக்குப் போக வேண்டாம்.

சிவப்புப்பெட்டி எழுதியது:

உயிர் வந்தது அண்ணா. செய்துவிட்டு வந்து சொல்கிறேன்.

நீலக்கார் எழுதியது:

கழுவும் கட்டத்தை முடித்துவிட்டேன். எனக்கே ஆச்சரியமாக இருந்ததால் விவரமாக எழுதுகிறேன்.

இரண்டு வாளி வைத்தேன். ஒன்றில் ஷாம்பு, மற்றொன்றில் வெறும் தண்ணீர். முதலில் பைப்பால் நன்றாக அடித்து மண்ணை இறக்கினேன். பிறகு டாப்பிலிருந்து கீழே நோக்கி, ஒரு பேனல் முடிந்ததும் கையுறையை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பு வாளிக்குப் போனேன். முடிவில் அந்த அலசிய வாளியின் அடியில் கிடந்த மண்ணைப் பார்த்தபோது, இத்தனை வருடம் ஒரே வாளியில் கழுவியபோது இதையெல்லாம் திரும்பத் திரும்பப் பெயின்ட்டிலேயே தேய்த்திருக்கிறோம் என்று புரிந்தது.

அப்புறம் இரும்புத் துகள் நீக்கும் திரவம் தெளித்தேன். சில நிமிடத்தில் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள பகுதியெல்லாம் ஊதா நிறத்தில் வடிந்தது. நாற்றம் தாங்கவில்லை. இது இயல்புதானா?

கண்ணாடிமாதிரி எழுதியது:

இயல்புதான். பிரேக் பேடும் டிஸ்க்கும் தேயும்போது பறக்கும் இரும்புத் துகள் சூட்டோடு வந்து பெயின்ட்டில் குத்தி நிற்கும். திரவத்தில் இருக்கும் தயோகிளைகோலேட் அதோடு சேர்ந்து ஊதாவாகிறது. முடியைச் சுருட்டப் போடும் மருந்திலும் அதே சரக்குதான், நாற்றமும் அதே நாற்றம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், நிழலில் தெளியுங்கள், பேனல் மேல் காய விடாதீர்கள்.

அடுத்து மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பெயின்ட்டைத் தடவிப் பாருங்கள். வெறும் விரலுக்கு வழுவழுப்பாகத் தெரிகிற இடம்கூட பை வழியாக மணல் மாதிரி நறநறக்கும். அந்த இடத்தில் களிமண் போடுங்கள், நிஜ மண் அல்ல, பெயின்ட்டில் குத்தி நிற்கும் துகளைப் பிடுங்கும் பிசையக்கூடிய கட்டி. பெயின்ட் களிமண் எப்போதும் ஈரத்தில்தான் ஓட வேண்டும், அதற்கென உள்ள வழுக்கும் திரவமோ, ஷாம்பு தண்ணீரோ நிறைய அடித்துக்கொள்ளுங்கள். அழுத்தவே வேண்டாம். ஒரு பேனல் முடிந்ததும் மடித்துப் புதுப் பக்கத்தைத் திருப்புங்கள். கீழே விழுந்துவிட்டால் அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், மனம் வராவிட்டாலும். ஒட்டிய மணல் வெளியே வராது.

நீலக்கார் எழுதியது:

களிமண் போட்ட பிறகு மெல்லிய தேய்ப்புக் கோடுகள் தெரிகின்றன. கெடுத்துவிட்டேனா?

கண்ணாடிமாதிரி எழுதியது:

இல்லை. களிமண் கொஞ்சம் தடம் போடத்தான் செய்யும். எப்படியும் அடுத்து பாலிஷ் வருகிறது, அதில் போய்விடும்.

ஞாயிறுகைவேலை எழுதியது:

மெஷின் விஷயம் பேசாமல் விட்டுவிட்டோம். கையால் முழுக் காரின் ஸ்விர்லையும் (அந்த வட்டவட்டக் கீறல்களை) எடுக்க முடியாது, நான் முயன்று பார்த்துத் தோள்வலியோடு உட்கார்ந்திருக்கிறேன். கைவேலை ஓரங்களுக்கும் கைப்பிடிக் குழிக்கும் மட்டும். வீட்டுக்கு டூயல் ஆக்ஷன் மெஷின்தான் சரி. அதன் பேட் சுழன்றுகொண்டே தள்ளாடவும் செய்யும், ஒரே புள்ளியில் சூடு தேங்காது. அதிகமாக அழுத்தினால் சுழற்சி தானே நின்றுவிடும். ரோட்டரி அப்படி நிற்காது, அழுத்தினால் இன்னும் வெட்டும்.

பேட் மாட்டும் தட்டின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஓடும்போது கோடு சுற்றுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். வளைந்த பேனலில் கோடு ஒரே இடத்தில் நடுங்கினால் பேட் சுழலவில்லை, வேலையும் நடக்கவில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

பட்டறைக்கை எழுதியது:

தொடங்கும் முன் முடிந்தால் பெயின்ட் தடிமன் பார்க்கும் மீட்டர் ஒன்றை இரவல் வாங்குங்கள். ஒரு பேனலில் நாலைந்து இடத்தில் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். மொத்தத் தடிமனைத்தான் அது சொல்லும், கிளியர் கோட் மட்டும் எவ்வளவு என்று சொல்லாது. பிளாஸ்டிக் பம்பரில் சாதாரண மீட்டர் வேலை செய்யாது.

நீலக்கார் எழுதியது:

மீட்டர் கிடைத்தது. பானெட் 96 முதல் 104 மைக்ரான். டிக்கி 101 முதல் 110. வலது பக்கக் கதவுகள் 110 சுமார். இடது முன்கதவு மட்டும் 230 முதல் 260. அப்பாவிடம் கேட்டேன், ஒரு தடவை உரசியதில் பெயின்ட் அடித்ததாகச் சொன்னார். எனக்கு இத்தனை நாள் தெரியாது.

பட்டறைக்கை எழுதியது:

பழைய பூச்சின் மேலேயே அடித்திருக்கிறார்கள், பட்டி அதிகம் இல்லை. பட்டி கனமாகப் போட்டிருந்தால் 500, 1000 என்று ஏறும். பானெட்தான் உங்கள் மெலிந்த இடம். அங்கே கனமான காம்பவுண்ட் வேண்டாம்.

இப்போது சோதனைக் கட்டம். முழு வேலையும் இதில்தான் இருக்கிறது என்பேன். பானெட்டில் 45 சென்டிமீட்டர் சதுரத்தை மாஸ்கிங் டேப்பால் கட்டுங்கள். கையிலுள்ளதில் மிக மென்மையான ஜோடியோடு தொடங்குங்கள்: மெல்லிய பாலிஷ், மென்மையான ஃபோம் பேட். போதவில்லை என்றால் பேடை மட்டும் ஒரு படி கடினமாக்குங்கள். அதுவும் போதாவிட்டால்தான் பாலிஷை மாற்றுவது. ஒரு கம்பெனியின் கிளியர் கோட் வெண்ணெய் மாதிரி இருக்கும், இன்னொன்று கல் மாதிரி இருக்கும். ஊரார் சொன்ன ஜோடி உங்கள் வண்டிக்குப் பொருந்தும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

பேடில் பட்டாணி அளவு நாலைந்து சொட்டு. மெஷினை அணைத்தபடியே பரப்பிவிட்டு, பேட் பேனலில் படிந்த பிறகுதான் ஸ்விட்ச். ஒரு நொடிக்கு 2, 3 சென்டிமீட்டர் நகர்ந்தால் போதும், அவசரமே வேண்டாம். முதலில் இடம் வலமாக, பிறகு மேலும் கீழுமாக, ஒவ்வொரு ஓட்டமும் முந்தையதில் பாதியை மூட வேண்டும். நாலு முதல் ஆறு சுற்று. பேனலைப் புறங்கையால் தொட்டுக்கொண்டே இருங்கள். இளஞ்சூடு சரி, கையை இழுத்துக்கொள்ள வைக்கும் சூடு சரியல்ல.

ஒவ்வொரு சதுரம் முடிந்ததும் பேடைப் பிரஷால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். வெட்டிய கிளியர் கோட்டும் செத்த பாலிஷும் பேடில் கட்டி நின்றால் அதுவே புதுக் கீறல் போடும். இதைப் பலர் சோம்பலில் விடுகிறார்கள்.

பேனல் மடியும் கூர்மையான கோடுகளிலும் கதவின் விளிம்பிலும் பெயின்ட் மிகவும் மெலிந்திருக்கும். அங்கெல்லாம் டேப் ஒட்டிவிடுங்கள். மோதிரம், கைக்கடிகாரம், பெல்ட் பக்கிள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு நில்லுங்கள். முகக்கவசமும் கண்ணாடியும் போடுங்கள், அந்தத் தூசி மூக்குக்கு நல்லதில்லை.

நீலக்கார் எழுதியது:

முதல் சதுரம் முடிந்தது. மென்மையான பேடில் ஹோலோகிராம் போனது, ஸ்விர்ல் பாதிதான் போனது. நடுத்தர பேடுக்கு மாறினேன். அதே மெல்லிய பாலிஷ். டேப்பை உரித்தபோது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு வெவ்வேறு கார் மாதிரி இருந்தது. ஒரு நிமிடம் பேசாமல் நின்றுவிட்டேன். இந்த நீலத்தை நான் சின்ன வயதில் பார்த்தது.

ஆனால் ஒரு தவறும் நடந்தது. கண்ணாடிக்குக் கீழே உள்ள கறுப்புப் பிளாஸ்டிக்கில் டேப் ஒட்ட மறந்தேன். பாலிஷ் தெறித்து வெள்ளையாகக் காய்ந்து நிற்கிறது.

ஞாயிறுகைவேலை எழுதியது:

பிளாஸ்டிக்கின் சொரசொரப்புக்குள் போய் உட்கார்ந்திருக்கும். ஆல்-பர்ப்பஸ் கிளீனரைத் தண்ணீரில் கலந்து, பழைய மென்மையான பல்துலக்கும் பிரஷால் தேய்த்துத் துடையுங்கள். இரண்டு மூன்று தடவை செய்தால் வந்துவிடும்.

கண்ணாடிமாதிரி எழுதியது:

நீலக்கார், கொண்டாடும் முன் ஒன்று. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து 15 முதல் 20 சதவீதமாக்கி, அந்தச் சதுரத்தில் தெளித்துத் துடையுங்கள். பாலிஷில் உள்ள எண்ணெய் கீறலை மறைத்துக்கொண்டிருந்தால் இப்போது வெளியே வரும். கடையில் உங்களுக்கு நடந்தது வீட்டிலும் நடக்கக் கூடாது இல்லையா.

நீலக்கார் எழுதியது:

துடைத்தேன். மெல்லிய கீறல் நாலைந்து திரும்பத் தெரிந்தது, மற்றதெல்லாம் உண்மையிலேயே போயிருக்கிறது. அந்த நாலைந்துக்காக இன்னொரு சுற்று ஓட்டலாமா? முன்பு 100 காட்டிய இடத்தில் மீட்டர் இப்போது 99 காட்டுகிறது.

பட்டறைக்கை எழுதியது:

மீட்டரின் பிழையே 2, 3 மைக்ரான் இருக்கும், அந்த 1-ஐ நம்ப வேண்டாம். நீங்கள் எடுத்தது குறைவு என்பது மட்டும் நிச்சயம். என்னைக் கேட்டால் அந்த நாலைந்து கீறலை விட்டுவிடுங்கள். இந்த வண்டியை இன்னும் பத்து வருடம் ஓட்ட நினைக்கிறீர்கள். டார்ச் அடித்துத் தேடினால் மட்டும் தெரிகிற கோட்டுக்காகப் பானெட்டில் இருக்கிற கிளியர் கோட்டைச் செலவழிக்காதீர்கள்.

புதுச்சாவி எழுதியது:

எனக்கும் ஒரு சந்தேகம். பற்பசை போட்டுத் தேய்த்தால் கீறல் போகும் என்கிறார்களே?

பட்டறைக்கை எழுதியது:

பற்பசையிலும் சிராய்ப்புத் தூள் இருக்கிறது, அதனால் கொஞ்சம் குறைந்த மாதிரி தெரியும். ஆனால் அது பல்லுக்காகச் செய்தது. மங்கலான தேய்ப்புத் தடத்தை விட்டுவிட்டுப் போகும். பாத்திரம் தேய்க்கும் நாரைத் தயவுசெய்து யாரும் எடுக்காதீர்கள், அந்தக் கோடுகளை எடுக்க வண்டி வண்டியாக என்னிடம் வந்திருக்கிறது.

நீலக்கார் எழுதியது:

மூன்று வார இறுதிகளில் முடித்துவிட்டேன். டிக்கியில் எச்சத் தடம் முக்கால்வாசி போய், வெளிச்சம் சாய்வாக விழும்போது மட்டும் ஒரு நிழல் தெரிகிறது. விட்டுவிட்டேன். சாவிக் கோட்டுக்கு என்ன செய்வது? பெயின்ட்டின் பாதுகாப்புக்கு மேலே செராமிக் பூச்சு போடலாமா, மெழுகு போதுமா?

ஞாயிறுகைவேலை எழுதியது:

கோட்டுக்கு டச்சப் பெயின்ட். நிறக் குறியீடு கதவைத் திறந்தால் தூணிலோ, பானெட்டுக்குக் கீழேயோ ஸ்டிக்கரில் இருக்கும். கோட்டைக் கழுவி, ஆல்கஹாலால் துடைத்து, டப்பாவோடு வரும் பிரஷை விட்டுவிட்டுப் பல்குத்தும் குச்சியின் நுனியால் மெல்ல மெல்ல நிரப்புங்கள். ஒவ்வொரு பூச்சும் காயட்டும், காய்ந்ததும் சுருங்கும், மறுபடி நிரப்புங்கள். பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும், இரண்டடி தள்ளி நின்றால் தெரியாது. முக்கியமாக, அடித்தகடு மூடப்படுவதால் துரு பிடிக்காது.

கண்ணாடிமாதிரி எழுதியது:

மெழுகு, சீலன்ட் (மெழுகு மாதிரியே தடவும் செயற்கைப் பூச்சு), செராமிக் மூன்றும் நல்லவைதான், நீங்கள் எவ்வளவு நேரம் கொடுக்கத் தயார் என்பதைப் பொறுத்தது. கார்னாபா மெழுகு அடர்நீலத்துக்குத் தரும் ஆழம் எனக்கு மிகவும் பிடிக்கும், ஆனால் ஓரிரு மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டும். சீலன்ட் அதைவிடக் கொஞ்சம் நீடிக்கும். செராமிக் வருடக் கணக்கில் நிற்கலாம். ஆனால் அதைப் போட்டு, சொன்ன நேரத்துக்குள் சமமாகத் துடைக்காவிட்டால் திட்டுத் திட்டாக இறுகும். அதை எடுக்க மறுபடி பாலிஷ்தான். 9எச் என்று டப்பாவில் போட்டிருப்பது பென்சில் கடினத்தன்மை அளவு. கல் தெறித்தாலோ சாவி இழுத்தாலோ அது தடுக்காது. அழுக்கு ஒட்டாமல் இருப்பதும் கழுவ எளிதாவதும்தான் அதன் பலன். முதல் தடவை என்பதால் சீலன்டில் தொடங்குங்கள் என்பது என் யோசனை.

துடைக்கும் மைக்ரோஃபைபர் துணிகளைத் துவைக்கும்போது துணி மிருதுவாக்கும் திரவம் ஊற்றாதீர்கள், இழைகளில் படிந்து தண்ணீரை உறிஞ்ச விடாது. தையல் லேபிளையும் வெட்டிவிடுங்கள்.

சிவப்புப்பெட்டி எழுதியது:

சொன்னபடி இரண்டு இரவு ஊறவைத்தேன். டாப்பைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் சிவப்பு திரும்பிவிட்டது. டாப்பில் இரண்டு இடத்தில் பிரைமர் எட்டிப் பார்க்கிறது, யாரோ முன்பே அதிகம் தேய்த்திருக்கிறார்கள். அதைத் தொடவில்லை. மெழுகு போட்டு மூடிவிட்டேன்.

நீலக்கார் எழுதியது:

சீலன்ட் போட்டாயிற்று. டாப்பை மட்டும் அடுத்த மாதம் பெயின்ட் பட்டறையில் கொடுக்கிறேன். வந்ததும் அதன் மேலும் சீலன்ட் போட்டுவிடலாம் அல்லவா?

பட்டறைக்கை எழுதியது:

உடனே வேண்டாம் தம்பி. புதிதாக அடித்த பூச்சிலிருந்து தின்னர் முழுக்க வெளியேற நாளாகும், மேலே மெழுகோ சீலன்டோ போட்டால் மூச்சு அடைத்துவிடும். எவ்வளவு நாள் என்று அடித்தவரிடமே கேளுங்கள், அவர் எந்தச் சரக்கு அடித்தார், அடுப்பில் சுட்டாரா இல்லையா என்பதைப் பொறுத்தது. பொதுவாக 30 முதல் 90 நாள் விடச் சொல்வார்கள். அதுவரை மிதமான ஷாம்பு மட்டும். எச்சம் விழுந்தால் அன்றே தண்ணீர் ஊற்றி ஊறவைத்து எடுத்துவிடுங்கள், உலர்ந்ததைச் சுரண்ட வேண்டாம். கொடுக்கும்போது பழைய கிளியர் கோட்டின் பெயர்ந்த ஓரத்தை முழுக்கத் தேய்த்து எடுத்த பிறகே பிரைமர் அடிக்கச் சொல்லுங்கள். அந்த ஓரம் அடியில் நின்றால் ஒரு வருடத்தில் அதே இடத்தில் மறுபடி பெயரும்.